பல்வரிசையும் முகத்தோற்றமும்: ஒரு சிறு வரலாறு



பரிசளிப்பு விழா என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோப்பையும் அல்ல, புத்தகமும் அல்ல, குரூப் போட்டோதான். அந்நாளில் சிரம்பான் பட்டணத்திலிருந்து போட்டோக்காரர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். உயரமானவர்களைப் பெஞ்சின்மேல் ஏற்றி, குள்ளமானவர்களைத் தரையில் உட்கார வைத்து, "எல்லாரும் சிரிங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன்.

காரணம், என் மேல்வரிசைப் பற்கள் முன்னே தள்ளியிருந்தன. எத்துப்பல் என்பார்கள். கூடப் படித்த பிள்ளைகள் எனக்குத் 'தேங்காய்த் துருவி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். என் அம்மா பால்மரம் சீவிவிட்டு வந்த களைப்பிலும் எனக்குத் தலைவாரி, சட்டையை நீவிவிட்டு, "பல்லக் காட்டாம நில்லு ராசா" என்று சொல்லித்தான் அனுப்புவார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் அது வெகுநாள் என்னை விடவில்லை. பழைய பள்ளிப் படங்களில் நான் சிரித்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

சென்ற ஆண்டு என் பேத்தி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "தாத்தா, என் ஒதடு முன்னால தள்ளிக்கிட்டு இருக்காம். கூட்டாளிங்க சிரிக்கிறாங்க. எனக்குக் கம்பி கட்டணுமா?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் நன்றாகச் சோதித்துவிட்டு, "பிள்ளையோட கடி ரொம்பச் சரியா இருக்கு. ஒதடு கொஞ்சம் தடிச்சிருக்கறது உங்க குடும்ப முகம். ஒன்னும் செய்ய வேணாம்" என்று சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் சின்ன வயசுலேயே பார்த்திருக்கணும்" என்றார்.

எனக்கு ஒரே வியப்பு! பார்ப்பவர் கண்ணுக்கு எங்கள் இருவர் வாயும் முன்னே வந்திருப்பதாகத்தான் தெரியும். ஆனால் ஒருவருக்கு வைத்தியம் வேண்டும், மற்றவருக்கு வேண்டாம் என்கிறாரே! எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? முகத்துக்கு அளவுகோல் போட்டவர் யார்? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு தேடிப் படித்ததில் கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

மூன்று வகைக் கடி

பல் சீரமைப்புக் கலைக்குத் தந்தை என்று சொல்லப்படுபவர் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் (1855–1930). அவருக்கு முன்பும் பல்லை நேராக்கும் முயற்சிகள் இருந்தன. ஆனால் கோணல் பல் என்றால் கோணல் பல்தான். அதை வகைப்படுத்திப் பார்க்கத் தெளிவான ஒரு வழி இல்லை. 1899ஆம் ஆண்டில் ஆங்கிள் ஓர் எளிய வழியைச் சொன்னார். முன்பல்லைப் பார்க்காதே, கடைவாய்ப் பல்லைப் பார் என்றார். ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப் பல்தான் அவருக்கு அடையாளக் கல். மேல்கடைவாய்ப் பல்லின் முன்முகடு கீழ்க்கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் வந்து உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மியும் குழவியும்போல இரண்டும் பொருந்த வேண்டும்.

இதைக் கொண்டு மூன்று வகை பிரித்தார்.

முதல் வகையில் கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தும். முன்பற்கள் நெருக்கமாகவோ சற்றுக் கோணலாகவோ இருக்கலாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நெற்றி, மூக்கடி, முகவாய் மூன்றும் ஏறக்குறைய ஒரு கோட்டில், அல்லது சிறிதே வளைந்த கோட்டில் இருக்கும்.

இரண்டாம் வகையில் கீழ்வரிசை பின்தங்கிவிடும். இவர்களில் பலருக்குக் கீழ்த்தாடை சிறுத்து, முகவாய் உள்ளே போனாற்போல இருக்கும். பக்கத் தோற்றம் வெளியே வளைந்து தெரியும். மேல்பற்கள் முன்னே நீட்டியிருந்தால் மேலுதடு தூக்கிக்கொள்ளும். கீழுதடு அந்தப் பற்களுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வெளிப்புறமாகச் சுருளும். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவே ஆழமான பள்ளம் விழும். நான் இந்த வகை.

மூன்றாம் வகை இதற்கு நேர்மாறு. கீழ்வரிசை முன்னே வந்துவிடும். முகவாய் எடுப்பாகத் தெரியும். கீழுதடு மேலுதட்டைத் தாண்டி நிற்கும். முகத்தின் நடுப்பகுதி பள்ளமாகி, பக்கத் தோற்றம் உள்ளே குழிந்தாற்போல இருக்கும்.

மூன்றாம் வகைக்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஐரோப்பாவைப் பல நூற்றாண்டு ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் தாடைதான் அது. பேரரசர் ஐந்தாம் சார்லசிலிருந்து 1700இல் மறைந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் வரை அந்த நீண்ட முகவாயையும் தொங்கும் கீழுதட்டையும் ஓவியங்களில் காணலாம். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அக்குடும்பத்தார் 15 பேரின் 66 ஓவியங்களை முகத்தாடை அறுவை மருத்துவர்கள் 10 பேர் பார்த்துத் தாடைக் குறையைக் கணித்தார்கள். தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடித்ததற்கும் இந்தத் தாடைக்கும் தொடர்பு இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. பாருங்கள், மணிமுடி தரித்த மன்னர்களுக்கே பல்வரிசை பொருந்தவில்லை! நாம் எதற்குக் கூசி நிற்க வேண்டும்?

கல் சிலையும் ஓவிய ஆசிரியரும்

பல்லை வகை பிரித்தாயிற்று. ஆனால் எப்படிப்பட்ட முகத்தை நோக்கிச் சீர்செய்வது? இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

18ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் பேத்ரஸ் கேம்பர் என்ற உடற்கூற்று அறிஞர் இருந்தார். முகத்தைப் பக்கவாட்டில் வரைந்து, அதில் கோடு போட்டுக் கோணம் அளந்தவர் அவர். குரங்கின் மண்டையோடு, பல நாட்டு மக்களின் மண்டையோடு, கடைசியில் கிரேக்கச் சிலையின் முகம் என்று வரிசையாக அடுக்கிக் காட்டினார். மனிதகுலம் ஒன்றே என்று நம்பியவர்தான் கேம்பர். ஆனால் அவர் காலத்துக்குப் பின் வந்த சிலர் அந்த வரிசையை ஏணிப்படியாக ஆக்கிவிட்டார்கள். சிலைக்கு அருகில் இருப்பவன் உயர்ந்தவன், தாடை முன்னே வந்தவன் தாழ்ந்தவன் என்று கதை கட்டினார்கள்.

ஆங்கிளுக்கும் அப்பல்லோ என்ற கிரேக்கக் கடவுளின் சிலைமுகமே தொடக்கத்தில் இலட்சியமாக இருந்தது. அழகுக்கு ஒரு விதி கிடைத்தால், எல்லா நோயாளிக்கும் அதைப் பொருத்திவிடலாமே என்று எண்ணினார். செயின்ட் லூயிஸ் நகரில் எட்மண்ட் வூர்பெல் என்ற ஓவிய ஆசிரியரிடம் போய்க் கேட்டார். வூர்பெல் அவருக்கு விதி எதையும் தரவில்லை. எல்லா முகத்துக்கும் பொருந்தும் ஒரே அழகு கிடையாது. ஒவ்வொரு முகமும் தன் உறுப்புகளுக்குள்ளே பொருத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்பதே ஓவியரின் கருத்து. வைத்தியருக்கு ஓவியர் சொன்ன பாடம் அது!

ஆங்கிள் இன்னொன்றிலும் பிடிவாதமாக இருந்தார். ஒரு பல்லையும் பிடுங்கக்கூடாது, எல்லாப் பல்லும் வரிசையில் நின்றால் முகம் தானே அழகாகும் என்றார். சிகாகோவைச் சேர்ந்த கால்வின் கேஸ் அதை ஏற்கவில்லை. சில முகங்களில் எல்லாப் பல்லையும் வைத்துக்கொண்டால் வாய் மேலும் முன்னே தள்ளும் என்று வாதிட்டார். 1911இல் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. அன்று ஆங்கிள் பக்கமே ஓங்கியது. ஆனால் அவருடைய மாணவரே ஆன சார்லஸ் டுவீட், குருவின் முறைப்படி வைத்தியம் செய்து பார்த்துத் திருப்தி அடையவில்லை. பல நோயாளிகளுக்கு நான்கு சிறுகடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு மறுபடி வைத்தியம் செய்தார். 1940இல் அப்படிப்பட்ட 100 பேரின் முன்னைய நிலையையும் பின்னைய நிலையையும் சக வைத்தியர்களுக்குக் காட்டினார். குருவிடம் பக்தி வேண்டும். அதைவிடக் கண்ணால் கண்ட உண்மையிடம் பக்தி வேண்டும். மாணவர்களே, இதை மனத்தில் வையுங்கள்.

எலும்பின்மேல் எவ்வளவு சதை?

முகம் என்பது எலும்பு மட்டும் அல்ல. அதன்மேல் தசை, கொழுப்பு, தோல் எல்லாம் இருக்கின்றன. ஒரே மாதிரி வீடுகள் கொண்ட லயத்தில், ஒரு வீட்டுக்குப் பூச்சு மெல்லியது, அடுத்த வீட்டுக்குப் பூச்சு கனத்தது என்றால் வெளித்தோற்றம் மாறுமல்லவா? முகமும் அப்படித்தான்.

இதை அளந்து பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஹிஸ். 1894இல் லைப்சிக் நகரில் ஒரு பழைய எலும்புக்கூடு கிடைத்தது. அது இசைமேதை பாஹ் என்பவருடையதா என்று அறிய வேண்டும். ஹிஸ் இறந்தவர்களின் முகத்தில் மெல்லிய ஊசியைச் செருகி, எந்த இடத்தில் சதை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தார். அந்தக் கணக்கின்படி ஒரு சிற்பி மண்டையோட்டின் வார்ப்பின்மேல் களிமண் அப்பி முகம் செய்தார். இன்றும் அடையாளம் தெரியாத எலும்புக்கூட்டுக்கு முகம் கொடுக்கப் போலீசாருக்கு உதவும் கலை இதன் வழி வந்ததுதான்.

1895இல் ராண்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். 1931இல் அமெரிக்காவில் பிராட்பெண்ட், ஜெர்மனியில் ஹாஃப்ராத் ஆகிய இருவரும் தலையை ஆடாமல் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். எலும்பும் பல்லும் உதட்டின் ஓரமும் ஒரே படத்தில் தெரிந்தன. 1958இல் பர்ஸ்டோன், 1959இல் சப்டெல்னி ஆகியோர் எலும்பைவிட்டு மேற்சதையையே ஆராய்ந்தார்கள். எலும்பு வளரும் அளவுக்கே அதன்மேல் உள்ள சதையும் வளரும் என்று சொல்ல முடியாது என்பது தெளிவாயிற்று.

வளர்ந்தவர்களிடம் பின்னாளில் செய்த ஆய்வுகளில் இன்னொரு சுவையான செய்தி கிடைத்தது. மூன்றாம் வகைக் கடி உள்ளவர்களுக்கு, மேல்தாடை பின்தங்கிய இடத்தில் மேலுதட்டுச் சதை தடித்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. எலும்பில் உள்ள பள்ளத்தைச் சதை கொஞ்சம் நிரப்பிவிடுகிறது! எல்லாவற்றையும் நிரப்பிவிடாது, பாதியை மறைக்கும். ஆகவே முகத்தை மட்டும் பார்த்துக் கடியைச் சொல்ல முடியாது. கடியை மட்டும் பார்த்து முகத்தைச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தும் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் நிறுத்தியும் பார்க்க வேண்டும். என் பேத்திக்கு மருத்துவர் செய்தது இதைத்தான்.

யாருடைய அளவுகோல்?

இனி நமக்கு நெருக்கமான கதைக்கு வருவோம். 1885 முதல் சென்னை அரும்பொருட்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து அளந்து எழுதினார். 1909இல் அவரும் ரங்காச்சாரியும் சேர்ந்து வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய 7 தொகுதிகளில் அந்த அளவுகளைக் காணலாம். 1901ஆம் ஆண்டு இந்தியக் குடிமதிப்புக்குத் தலைமை வகித்த ரிஸ்லி என்ற அதிகாரியோ, மூக்கு அகலமாக ஆக ஆகச் சமூகத்தில் மதிப்புக் குறையும் என்றே எழுதினார். பிற்கால அறிஞர்கள் அந்தக் கூற்றை ஏற்கவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி மலாயா வந்து, நெகிரி செம்பிலானில் காடழித்து ரப்பர் நட்டார்கள். அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதற்கும், அவர்கள் கை எப்படி உழைத்தது என்பதற்கும் என்ன தொடர்பு? ஒன்றும் இல்லை. மூக்கை அளந்தவர்கள் அந்த உழைப்பை அளக்கவில்லை!

பல் வைத்தியத்தில் அப்படிப்பட்ட கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1948இல் டவுன்ஸ் என்ற அமெரிக்கர் முகத்தாடைக்கு இயல்பான அளவுகளை வெளியிட்டார். உலகெங்கும் பயன்பட்ட அந்தக் கணக்கு, 12 முதல் 17 வயது வரையிலான 20 வெள்ளைக்காரப் பிள்ளைகளை அளந்து கிடைத்தது. வெறும் 20 பேர்! பிறகு ரிக்கெட்ஸ் என்பவர் மூக்கு நுனியிலிருந்து முகவாய் நுனிவரை ஒரு கோடு இழுத்துப் பார்க்கச் சொன்னார். வளர்ந்தவர்களின் உதடுகள் அந்தக் கோட்டுக்குச் சற்று உள்ளே இருப்பதே அவர் பார்த்த வெள்ளையர் முகத்துக்கு இயல்பு. நம்மில் பலருக்குக் கோட்டைத் தொடும், அல்லது தாண்டும். கடைவாய்ப் பல் சரியாகப் பொருந்தி, முன்பற்களும் உதடுகளும் இரண்டு பக்கமும் சற்று முன்னே இருப்பது தென்னிந்தியரிடமும் சீனரிடமும் ஆப்பிரிக்கரிடமும் சாதாரணமாகக் காணப்படுவதே.

1969இல் நந்தா குடும்பப்பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் வட இந்தியர் முகத்தின் அளவுகளைத் தனியே வெளியிட்டார்கள். தென்னிந்திய முகங்களையும் அளந்தார்கள். நம் நாட்டிலும் மலேசிய இந்தியர், சீனர் முகங்களைத் தனித்தனியே அளந்த ஆய்வுகள் 2010க்குப் பிறகு வெளிவந்தன. எல்லாம் ஒன்றைத்தான் காட்டுகின்றன: ஒருவர் சட்டையின் அளவை வைத்து ஊராருக்கெல்லாம் சட்டை தைக்க முடியாது. முன்பு ஏணியில் ஏற்றி இறக்கப் பயன்பட்ட அளவுகோல், இன்று அவரவர் முகத்தை அவரவர் இனத்தோடு ஒப்பிட்டு அறியப் பயன்படுகிறது. கருவி பெரிதாக மாறவில்லை, நோக்கம் மாறியது.

நம் தோட்டத்தில்

அந்நாளில் தோட்டத்தில் பல்வலி என்றால் கிராம்பு, உப்புத்தண்ணீர். தாங்காவிட்டால் டிரஸ்ஸரிடம் போவது. பல் சீரமைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதச் சம்பளம் அரிசிக்கும் சீனிக்குமே சரியாக இருக்கும்போது, பல்லுக்குக் கம்பி எங்கே கட்டுவது?

ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்தது. நியூசிலாந்து 1921இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பல் தாதியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி அமைந்தது. அங்கே பயின்றவர்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளின் வாயைப் பார்த்தார்கள். வெள்ளை உடுப்பைக் கண்டாலே கழிவறைக்கு ஓடி ஒளிந்த கூட்டத்தில் நானும் ஒருவன்! 1972இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பீடம் அமைந்தது; நாட்டிலேயே பல் மருத்துவர்கள் உருவானார்கள். இன்று நம் வட்டாரத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அரசாங்கப் பல் கிளினிக் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பால்பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று விட்டுவிடாதீர்கள். அது சொத்தையாகி முன்னதாகவே போய்விட்டால், பக்கத்துப் பல் சாய்ந்து பின்னால் வரும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆறு வயதுக் கடைவாய்ப் பல் பால்பல் அல்ல. அது போனால் மறுபடி முளைக்காது. நிலையான முன்பல் முளைக்கும் வயதிலும் விரல் சூப்பும் பிள்ளையை அடிக்காமல், ஏசாமல், நயமாகச் சொல்லி நிறுத்துங்கள். எப்போதும் வாயால் மூச்சுவிடும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். மேல்பல் மிகவும் முன்னே நீட்டியிருந்தால், ஓடி விழும்போது முதலில் உடைவது அதுதான். கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு வளரும் பருவத்திலேயே வைத்தியம் தொடங்குவது நல்லது. வளர்ச்சி நின்றபின் தாடையைத் திருத்த வேண்டுமென்றால் சிலருக்கு அறுவை சிகிச்சைதான் வழியாகும்.

அதே சமயம், கடி சரியாக இருந்து, மெல்லவும் பேசவும் தடையில்லாமல் இருந்தால், உதடு தடித்திருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்திக் குறை சொல்லாதீர்கள். அது அப்பத்தா கொடுத்த உதடாக இருக்கும். கடன்பட்டுக் கம்பி கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது பல்லுக்குக் கெடுதியா, அல்லது பார்வைக்கு மட்டும்தானா?" கேட்பதில் வெட்கமில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். ஆனால் முகத்தின் வடிவைப் பார்த்து அகத்தை அளக்க முடியாது. இருநூறு ஆண்டுகளாக அளந்து அளந்து பார்த்த அறிஞர்களே கடைசியில் ஒரே அழகு என ஒன்று இல்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்குப் 'பல்லன்' என்றும் 'துருவி' என்றும் பெயர் வைக்க நமக்கு என்ன உரிமை? விளையாட்டாகச் சொன்ன சொல் ஒரு பிள்ளையின் சிரிப்பை அறுபது ஆண்டுக்கு மூடிவிடும். சொல்கிற எனக்கு அது தெரியும்.

இந்த ஆண்டு பரிசளிப்பு விழாவிலும் குரூப் போட்டோ எடுப்பார்கள். பேத்தியிடம், "பல்லக் காட்டிச் சிரி தாயி" என்று சொல்லி அனுப்பப்போகிறேன். பழைய மாணவர்களையும் ஓரமாக நிற்க அழைத்தால், நானும் வந்து நிற்பேன். இந்த முறை வாயை மூடிக்கொள்ளப் போவதில்லை.

பரிசு பெறும் மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் மாணவர்களுக்கும் என் அன்பான நல்வாழ்த்துகள்!